மேனேஜர் பெரிய கிளப்புக்குப் போய்விட்டார்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கால்பந்து பார்க்கிற கூட்டம் எங்களுடையது. ஆளுக்கொரு அணி. ஏதாவது ஒரு அணியின் மேனேஜர் பெரிய இடத்துக்குக் கிளம்பிவிட்டார் என்று செய்தி வந்தால் போதும், அந்த அணிக்காரர் அன்றிரவே என்னைக் கூப்பிடுவார். எனக்கும் அது நடந்திருக்கிறது என்பதால்தான் என்னைத் தேடுகிறார்கள். கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் அணி எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றதையெல்லாம் அந்த அணிக்காரனின் புலம்பலாகவே படிப்பீர்கள்.

மேனேஜர்னா கோச்தானே? ஒரு கோச் வேலை மாறினா இத்தனை பேர் ஏன் அழணும்?

பல நாடுகளில் இரண்டும் ஒரே வேலைதான். இங்கிலாந்திலோ மேனேஜர் என்ற பதவிக்கு நெடுங்காலம் பயிற்சியைத் தாண்டிய அதிகாரம் இருந்தது. யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதெல்லாம் அவர் கையில். இன்று ஸ்போர்ட்டிங் டைரக்டர், ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கத் தனிக் குழு என்று அந்த அதிகாரம் பிரிந்துவிட்டது. பல கிளப்புகளில் பதவியின் பெயரே 'ஹெட் கோச்'தான்.

ரசிகர்களுக்கோ அவர்தான் கிளப்பின் குரல். முதலாளி வாய் திறக்கமாட்டார். ஆட்டக்காரர்கள் பேசினால் நாலு வரி மனப்பாடம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் மைக் முன்னால் உட்கார்ந்து, ஏன் தோற்றோம், எப்படி ஜெயித்தோம் என்று சொல்பவர் அவர் ஒருவரே. "நாம் இன்னும் உழைக்கணும்", "நாம் யாருக்கும் பயப்படத் தேவையில்லை" என்று வருடக்கணக்கில் சொல்கிறார். அந்த "நாம்" என்பதில் தானும் அடக்கம் என்று நம்பித்தான் ஒவ்வொரு ரசிகரும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து அதே குரல், வேறு நிறத்து உடுப்பில், வேறொரு கூட்டத்தைப் பார்த்து "நாம்" என்று சொல்லும்போது என்ன ஆகும்? அழுகைதான் வரும்.

கான்ட்ராக்ட் இருக்கும்போதே எப்படி சார் போக முடியுது?

இரண்டு வழி. சிலருடைய ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதியிருக்கும். அதைக் கட்டினால் விடுதலை. தொகை எழுதாவிட்டால் இரண்டு கிளப்பும் பேரம் பேசி இழப்பீட்டை முடிவு செய்யும். கிரஹாம் பாட்டர் 2022 செப்டம்பரில் பிரைட்டனிலிருந்து செல்சிக்குப் போனபோது, அவருக்கும் அவருடைய குழுவுக்குமாகச் சேர்த்து 2 கோடி பவுண்டுக்கு மேல் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. யூலியன் நாகல்ஸ்மான் 2021-ல் லைப்சிக்கிலிருந்து பயர்ன் மியூனிக்குக்குப் போனதும் பெருந்தொகைக்குத்தான்.

ஆட்டக்காரர்களை வாங்க, விற்க குறிப்பிட்ட சில மாதங்கள்தான் உண்டு. மேனேஜருக்கு அந்தக் கதவு கிடையாது. நவம்பரிலும் போகலாம், பிப்ரவரியிலும் போகலாம். கிளப்பால் பிடித்து வைக்க முடியாதா என்றால், சட்டப்படி முடியும். மனம் போய்விட்ட ஆளை டக்-அவுட்டில், அதாவது மைதானத்தின் ஓரத்து இருக்கையில், உட்காரவைத்து என்ன செய்வது என்ற யோசனையில் பெரும்பாலும் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.

ஸ்டார் பிளேயர் போனாக்கூட இவ்வளவு கோபம் வரலையே, அது ஏன்?

ஆட்டக்காரர் வருவார், போவார் என்பதற்கு ரசிகர்கள் பழகிவிட்டார்கள். விற்ற பணத்தில் இன்னொருவர் வருவார். ஒருவர் போனாலும் மீதிப் பத்துப் பேர் அங்கேயேதான் இருக்கிறார்கள். மேனேஜர் போனால் அந்தப் பதினொரு பேரும் சேர்ந்து ஆடிய ஆட்டமே போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. விற்கப்பட்ட ஆட்டக்காரருக்காக "கிளப்தான் விற்றுவிட்டது" என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மேனேஜர் விஷயத்தில் போகிற முடிவு அவருடையது. அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை.

நல்ல வேலை கிடைச்சா நாமளும்தானே போவோம்? அவரை மட்டும் ஏன் திட்டணும்?

அதிகமாக வருகிற கேள்வி இதுதான். கேட்பவர் முக்கால்வாசி வேறு அணிக்காரராக இருப்பார்.

நியாயம் பேசினால் அவர் சொல்வது சரி. மேனேஜர் வேலையைப் போல நிலையில்லாத வேலை குறைவு. நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் இதே ரசிகர்கள்தான் "வெளியே போ" என்று கத்துவார்கள். கிளப்பும் தயங்காது. கிளப் அவரை நீக்கும்போது விசுவாசம் பற்றி யாரும் பேசுவதில்லை. வாய்ப்பு வரும்போது அவர் பிடித்துக்கொள்வதில் தப்பே இல்லை. இதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் வலிக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? நாம் வேலை மாறும்போது நம் பழைய அலுவலகத்துக்கு வெளியே ஐம்பதாயிரம் பேர் நம் பெயரில் பாட்டுக் கட்டிப் பாடவில்லை. நம் முகத்தை யாரும் தோளில் பச்சை குத்திக்கொள்ளவில்லை. நாமும் அவர்களைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்துக் காட்டவில்லை. அந்த அன்பை வாங்கிக்கொண்டதும், அதை வைத்து அணியை ஓடவைத்ததும் அவருடைய வேலையின் ஒரு பகுதி. ரசிகர்களுக்கு அது வேலையே அல்ல. ஒரே பந்தத்தை ஒருவர் உத்தியோகமாகவும் இன்னொருவர் குடும்பமாகவும் நினைத்திருந்தது பிரிகிற நாளில்தான் தெரியவருகிறது.

அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. அவர் போவதன் மூலம் நம் கிளப்பின் உயரத்தை உலகத்துக்கு அளந்து காட்டிவிடுகிறார். நாம் வீடு என்று நினைத்த இடம் அவருக்கு ஏணியில் ஒரு படி. எதிரணிக்காரன் அதைச் சொன்னால் சண்டை போடலாம். நம்மை நம்பவைத்தவரே சொல்லும்போது பதில் பேச வாய் வருவதில்லை. என் அணிக்கு நடந்தபோது என்னை உலுக்கியது இதுதான். அவரைப் பிரிந்த துக்கம் சில வாரங்களில் தணிந்தது. நாங்கள் சின்னவர்கள் என்பது மட்டும் ரொம்ப நாள் தொண்டையில் நின்றது.

சிலரைத் திட்டுறாங்க, சிலருக்கு எழுந்து நின்னு கைதட்டுறாங்க. எதை வெச்சு முடிவு பண்றாங்க?

எப்போது போனார் என்பதை வைத்து. கோபத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

ஓவன் கோய்ல் பர்ன்லியை 33 வருடத்துக்குப் பிறகு 2009-ல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தார். அந்த ஆகஸ்டில் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைட்டெடை 1-0 என்று சாய்த்தார்கள். அவரைக் கடவுள் என்றே அழைத்தார்கள். 2010 ஜனவரியில், சீசன் பாதியில், பக்கத்திலேயே இருக்கும் போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, போல்டன் தப்பித்தது. கடவுள் ஒரே வாரத்தில் யூதாஸ் ஆனார்.

டேவிட் மோயஸ் எவர்டனில் 11 வருடம் இருந்தார். ஒரு கோப்பையும் ஜெயிக்கவில்லை. 2013-ல் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போகிறேன் என்று அறிவித்து, சீசனை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். கடைசி உள்ளூர் ஆட்டத்தில் மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. ஷாபி அலோன்சோ ஜெர்மனியின் லெவர்குசனுக்கு 2024-ல் முதன்முதலாக லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், அதுவும் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல். பெரிய கிளப்புகள் வாசலில் நின்ற அந்த வருடமே இன்னும் ஒரு சீசன் இருக்கிறேன் என்றார். இருந்தார். 2025-ல் ரியல் மாட்ரிட் போனபோது அவரைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

பாதியில போறதுலயே எது ரொம்ப மோசம்?

என்னைக் கேட்டால் ஸ்காட்லாந்தின் செல்டிக்குக்கு நடந்தது. பிரெண்டன் ரோஜர்ஸ் சின்ன வயதிலிருந்தே தான் செல்டிக் ரசிகன் என்று சொன்னவர். இரண்டு சீசனில் உள்நாட்டில் இருந்த ஆறு கோப்பைகளையும் ஜெயித்துக் கொடுத்தார். மூன்றாவது சீசனிலும் எட்டுப் புள்ளி முன்னிலை. தொடர்ந்து மூன்று வருடம் மூன்று கோப்பை என்ற, ஸ்காட்லாந்தில் யாரும் செய்யாத சாதனைக்கு மூன்று மாதம்தான் பாக்கி. 2019 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார்.

மறுநாளே எடின்பரோவில் ஹார்ட்ஸ் அணியுடன் ஆட்டம். வெளியூர் ரசிகர்கள் பகுதியில் ஒரு பேனர் விரிந்தது. சாகாவரத்தைக் கொடுத்துவிட்டுச் சராசரியை வாங்கிக்கொண்டாய், நீ என்றுமே செல்டிக்காரன் இல்லை, என்றுமே போலி என்பது அதன் பொருள். ஒரே இரவில் துணி வாங்கி, எழுத்து வரைந்து, காயவைத்து, மடித்து எடுத்து வந்திருக்கிறார்கள். அந்த இரவில் அவர்களில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். அன்று கடைசி நிமிடங்களில் கோல் அடித்து செல்டிக் 2-1 என்று ஜெயித்தது. நீல் லெனன் பொறுப்பேற்று அந்த மூன்று கோப்பைகளையும் முடித்துக் கொடுத்தார்.

அப்போ முன்கூட்டியே சொல்லிட்டா பிரச்சினை இல்லைதானே?

அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், 2021 வரை. அந்தப் பிப்ரவரியில் ஜெர்மனியில் மார்கோ ரோஸ், சீசன் முடிந்ததும் டார்ட்மண்டுக்குப் போகிறேன் என்று நேர்மையாக அறிவித்தார். அவர் இருந்த மென்ஷன்கிளாட்பாக் அதற்குப் பிறகு வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றது. அதில் ஒன்று கோப்பைக் காலிறுதி. எதிரணி அதே டார்ட்மண்ட். தான் அடுத்து சேரப்போகிற கிளப்புக்கு எதிராக அணியை இறக்கி, தோற்று, அரையிறுதி வாய்ப்பை அவர்களிடமே விட்டுக்கொடுத்துவிட்டு நின்ற மேனேஜரை அந்த ரசிகர்கள் எந்த முகத்தோடு பார்த்திருப்பார்கள்?

சொல்லிவிட்டு இருந்தால் உடம்பு மட்டும்தான் இங்கே இருக்கிறது என்று ஆட்டக்காரர்களுக்கே தெரிந்துவிடுகிறது. சொல்லாமல் போனால் துரோகம் என்கிறோம். இதற்கு நல்ல தேதி என்று ஒன்று உண்டென்றால் அது கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள்தான். பெரிய கிளப்புகள் அதுவரை காத்திருப்பதில்லை.

"நான் எங்கேயும் போகலை"ன்னு வாயால சொன்னாரே! அது பச்சைப் பொய் இல்லையா?

அதே 2021-ல் அதே ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் ரசிகர்கள் இதைத்தான் கேட்டார்கள். ஆடி ஹூட்டர் "இருக்கிறேன்" என்று கேமரா முன்னால் சொன்னார். சில வாரங்களில், ஏப்ரலில், ரோஸ் காலிசெய்யப்போகிற கிளாட்பாக்குக்குப் போவது உறுதியானது. ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி தரும் முதல் நாலு இடத்துக்குள் வசதியாக உட்கார்ந்திருந்த பிராங்க்ஃபர்ட் சறுக்கி ஐந்தாவது இடத்தில் முடித்தது. அந்த இடத்தைப் பறித்துக்கொண்டு போனது யார் என்றால், டார்ட்மண்ட்.

சொன்ன நாளில் அது பொய்யா என்பது அவருக்குத்தான் தெரியும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று எந்த மேனேஜரும் மைக்கில் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த ஆட்டமே போச்சு. அதனால் நான் ஒரு வித்தியாசம் பார்ப்பேன். "இப்போது என் கவனம் அடுத்த ஆட்டத்தில்" என்று நழுவினால் மன்னிப்பேன். கேட்காமலே முன்வந்து "இங்கேதான் இருப்பேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனால் மன்னிக்கமாட்டேன். முதலாமவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டாமவர் நம் நம்பிக்கையைத் தெரிந்தே செலவு செய்தார்.

போனது பரம எதிரி கிளப்புக்குன்னா?

அது வேறு கணக்கு. அதில் பெரிய கிளப், சின்ன கிளப் என்ற பேச்சே எழாது. ஹாரி ரெட்நாப் 2004-ல் போர்ட்ஸ்மவுத்தை விட்டு இரண்டு வாரத்தில் சவுத்தாம்டன் போனார். பக்கத்து ஊர், தலைமுறைப் பகை. அந்த சீசனில் சவுத்தாம்டன் கீழே இறங்கியதை போர்ட்ஸ்மவுத்காரர்கள் இன்றுவரை கொண்டாடுகிறார்கள்.

சரி, பெரிய கிளப்னா எது பெரிசு? எங்க கிளப்பும் பெரிய கிளப்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். செல்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த கிளப், பிரிட்டனிலேயே முதலாவது. மைதானத்தில் 60,000 பேர் உட்காரலாம். வரலாறு, கூட்டம், கோப்பை என எதை எடுத்தாலும் லெஸ்டர் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் லெஸ்டர் அன்று ஆடியது இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில். அங்கே ஒளிபரப்புப் பணம் மட்டுமே ஸ்காட்லாந்துக் கிளப்புகள் கனவில் காணாத அளவு. வாராவாரம் மோதுகிற எதிரிகளும் வேறு ரகம்.

ஆக, மேனேஜர் "பெரிய" என்று சொல்லும்போது பணத்தையும் லீக்கையும் சொல்கிறார். நாம் "பெரிய" என்று சொல்லும்போது வரலாற்றையும் பாட்டையும் சொல்கிறோம். இரண்டு பேரும் ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறோம். அந்த பேனரில் "சராசரி" என்று எழுதியவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு ஆத்திரம்.

கோபத்தை அவர்மேல காட்டணுமா, எங்க கிளப் முதலாளிமேல காட்டணுமா?

போனவரைத் திட்டுவது சுலபம், அவர் கண்ணுக்குத் தெரிகிறார். ஆனால் ஒரு மேனேஜர் கிளம்புவதற்கு முன்பு கிளப்புக்குள் ஏதோ ஒன்று முறிந்திருக்கும் சந்தர்ப்பங்கள் நிறைய. சவுத்தாம்டனுக்கு மௌரிசியோ பொச்செட்டினோவைக் கொண்டுவந்த நிர்வாகத் தலைவர் நிகோலா கோர்டேசி 2014 ஜனவரியில் விலகினார். மே மாதம் பொச்செட்டினோ டாட்டன்ஹாம் போனார். அந்தக் கோடையிலேயே லல்லானா, லூக் ஷா, லவ்ரன் என்று ஆட்டக்காரர்கள் வரிசையாகப் போய் அணியே கலைந்தது. மேனேஜர் ஓடியதால் வீடு இடிந்ததா, வீடு இடியப்போகிறது என்று தெரிந்து ஓடினாரா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

உங்கள் மேனேஜர் கடைசி ஆறு மாதம் என்ன கேட்டார், கிளப் என்ன கொடுத்தது என்று ஆற அமர யோசித்துப் பாருங்கள். கோபம் போகவேண்டிய முகவரி அதிலேயே தெரியும்.

போறதோட போகாம, கூட இருந்தவங்களையும் கூட்டிட்டுப் போறாரே?

பாட்டர் பிரைட்டனிலிருந்து தன் குழுவில் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு போனார். உதவியாளர்களைப் பொறுத்தவரை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவர்கள் வருடக்கணக்காக அவரோடு ஊர் ஊராகப் போகிறவர்கள்.

ஆட்டக்காரர்களைப் பிடுங்க வரும்போதுதான் கசக்கிறது. எழுந்து நின்று கைதட்டி மோயஸை வழியனுப்பினார்கள் என்று மேலே சொன்னேன். அந்தக் கைதட்டல் ஓய்ந்து மூன்று மாதத்தில் அவருடைய புதிய கிளப், எவர்டனின் ஆட்டக்காரர்கள் பெய்ன்ஸ், ஃபெல்லெய்னி இரண்டு பேரையும் சேர்த்து எவர்டனே அவமானம் என்று நினைத்த ஒரு விலைக்குக் கேட்டது. கடைசியில் ஃபெல்லெய்னி போனார். அழகாக முடிந்த பிரிவு அந்தக் கோடையில்தான் கெட்டுப்போனது.

அவர் புது இடத்துல தோத்தா நான் சந்தோஷப்படறது தப்பா?

தப்பில்லை. 2022 அக்டோபர் 29 அன்று பாட்டர் செல்சியோடு பிரைட்டன் மைதானத்துக்குத் திரும்பி வந்தார். அதுவரை செல்சியில் ஒரு தோல்வியும் இல்லை. ஐந்தாவது நிமிடம் பிரைட்டனின் டிரோசார்ட் கோல். அப்புறம் செல்சிக்காரர்களே தங்கள் வலையில் இரண்டு அடித்துக்கொண்டார்கள். இடைவேளைக்குள் 3-0. முடிவில் 4-1. அவர் சொல்லிக்கொடுத்து வளர்ந்த அணி, அவருக்கு எதிராக அப்படி ஆடியது. அந்தத் தொண்ணூறு நிமிடமும் கூட்டம் அவரைக் கூச்சலிட்டே ஓய்த்தது. அதைப் பார்த்து நானும் கைதட்டினேன். பிரைட்டன் என் அணிகூட இல்லை.

ஆனால் எல்லை ஒன்று இருக்கிறது. மோயஸ் 2014 ஏப்ரலில் யுனைட்டெடோடு எவர்டன் மைதானத்துக்கு வந்து 2-0 என்று தோற்றார். அவருடைய இருக்கைக்குப் பின்னால் ஒரு ரசிகர் கையில் அரிவாளோடு காலன் வேடத்தில் நின்றார். இரண்டே நாளில் மோயஸை நீக்கினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர், அவர் வேலை போன செய்தி வந்ததும் மௌனமானார்கள். 11 வருடம் நம்மோடு இருந்த மனுஷன் தோற்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டோம், உடைந்துபோக வேண்டும் என்றல்ல என்றார் எவர்டன்காரர் ஒருவர் என்னிடம்.

தோத்தா சந்தோஷம் சரி. ஜெயிச்சுட்டா?

இதுதான் கஷ்டம். ஸ்காட்லாந்தின் அபர்டீன்காரர்களைப் பாருங்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் அவர்களுக்கு மூன்று லீக் பட்டம் கொடுத்தார். 1983-ல் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று ஜெயித்து ஐரோப்பாவின் கப் வின்னர்ஸ் கோப்பையைக் கொண்டுவந்தார். 1986 நவம்பரில், சீசன் நடுவில், மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போனார். அங்கே அவர் என்ன ஆனார் என்று உலகத்துக்கே தெரியும். அபர்டீன் கடைசியாக லீக் ஜெயித்தது 1985-ல், அவர் காலத்தில்தான். 2022-ல் தங்கள் மைதான வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பாதியில் விட்டுப்போனவருக்கு அதே ஊர் சிலை வைக்க 35 வருடம் ஆயிற்று.

ஜெயிப்பதைப் பார்க்கும்போது பெருமையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தேதான் வரும். ஆர்னே ஸ்லாட் லிவர்பூலில் முதல் வருடமே, 2025-ல், லீக் பட்டம் வாங்கியபோது, அவருடைய பழைய கிளப்பான ஃபெய்னூர்டின் ரசிகர் ஒருவர், "இதை நாங்கள் 2023-லேயே பார்த்துவிட்டோம்" என்றார். அதில் இரண்டுமே இருந்தது.

நம்ம கிளப்பும் இதையேதானே சின்ன கிளப்புக்குப் பண்ணிச்சு?

ஆமாம். இந்தக் கேள்வியை யாராவது தானாகவே கேட்டால் அவர் பாதி தேறிவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

2009 ஆகஸ்டில் நார்விச் தன் சொந்த மைதானத்தில் கோல்செஸ்டரிடம் 7-1 என்று தோற்றது. பத்து நாள் கழித்து அந்த ஏழு கோலுக்குக் காரணமான மேனேஜர் பால் லாம்பர்ட்டையே நார்விச் தூக்கிக்கொண்டது! அடுத்த ஜனவரியில் அவர் நார்விச்சோடு கோல்செஸ்டருக்கு ஆடப் போய், தன் பழைய அணியை 5-0 என்று அடித்தார். இரண்டே வருடத்தில் நார்விச் பிரீமியர் லீக்கில். 2012-ல் அவர் ஆஸ்டன் வில்லா போனபோது நார்விச் ரசிகர்கள் துரோகம் என்றார்கள். கோல்செஸ்டர் ரசிகர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

பாட்டரும் வானத்திலிருந்து பிரைட்டனில் குதிக்கவில்லை. ஸ்வீடனில் நாலாவது டிவிஷனில் கிடந்த ஆஸ்டர்சுண்டை முதல் டிவிஷனுக்கு ஏற்றி, 2018-ல் லண்டனில் ஆர்சனலை 2-1 என்று ஜெயிக்கவைத்தவர். அவர்களிடமிருந்து ஸ்வான்சி எடுத்தது. ஸ்வான்சியிடமிருந்து பிரைட்டன் எடுத்தது. ரூபென் அமோரிம் யுனைட்டெடுக்குப் போனபோது லிஸ்பனில் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் துடித்தார்கள். அவர்கள் அவரை 2020-ல், சீசன் நடுவில்தான், பிராகாவிடமிருந்து 1 கோடி யூரோ கொடுத்து எடுத்து வந்தவர்கள். நமக்கு நடந்தது அநியாயம் என்றால், நம்மால் நடந்ததும் அதே அநியாயம்தான்.

அடுத்து வர்ற மேனேஜரை எப்படி ஏத்துக்கறது? மனசே வரலை.

வரவேண்டாம், அவசரமில்லை. பாட்டருக்குப் பின் வந்த ராபர்டோ டி செர்பி முதல் ஐந்து ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அவருடைய முதல் வெற்றியே மேலே சொன்ன அந்த 4-1. அந்த சீசனில் பிரைட்டன் ஆறாவது இடம் பிடித்து, கிளப் வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஹூட்டர் விட்டுப்போன பிராங்க்ஃபர்ட் அடுத்த வருடமே யூரோப்பா லீக் கோப்பையை ஜெயித்தது.

எல்லாருக்கும் இப்படி அமையாது. ஸ்போர்ட்டிங்கில் அமோரிமுக்கு அடுத்து வந்தவர் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவதாக வந்த ரூயி போர்ஜஸ்தான் அந்த சீசனின் லீக்கையும் கோப்பையையும் முடித்துக் கொடுத்தார். புதியவரைப் பழையவரின் பெயரைச் சொல்லி அளக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவரும் யாரையோ விட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார்.

திரும்பி வந்தா சேர்த்துக்கணுமா?

மோயஸ் 2025 ஜனவரியில் எவர்டனுக்குத் திரும்பினார். குடிசன் பார்க் மைதானத்தில் கிளப்பின் ஆண்கள் அணிக்கு அது கடைசி சீசன். கீழே இறங்கும் பயத்தில் இருந்த அணியைக் காப்பாற்றினார். அங்கே அந்த அணி ஆடிய கடைசி ஆட்டத்தில் டக்-அவுட்டில் நின்றவர் அவரே. காலன் வேடத்தை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரோஜர்ஸை செல்டிக் 2023-ல் திரும்ப அழைத்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பட்டங்கள் வந்தன, பேனர் மறந்தது. 2025 அக்டோபரில், மறுபடியும் சீசன் நடுவில், ராஜினாமா செய்துவிட்டுப் போனார். இந்த முறை பெரிய கிளப் எதுவும் கூப்பிடவில்லை, காரணங்கள் வேறு. ஆனாலும் 2019-ல் மன்னிக்காதவர்கள் "அப்போதே சொன்னோமே" என்றார்கள்.

சேர்த்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. முன்பு வைத்திருந்த அதே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

வருஷம் ஆச்சு. எனக்கு இன்னும் ஆறலை. உங்களுக்கு ஆறிடுச்சா?

என் போனில் 41 விநாடிக் காணொளி ஒன்று இருக்கிறது. எங்கள் அணி கடைசி நிமிடத்தில் கோல் அடித்த ஓர் ஆட்டம், பக்கத்தில் நின்ற யாரோ எடுத்தது. எங்கள் மேனேஜர் மைதானத்தின் ஓரக் கோட்டைத் தாண்டி ஓடுகிறார், ஷூ வழுக்குகிறது, விழுந்து எழுந்து மறுபடி ஓடுகிறார். அவர் போன அன்று அதை அழிக்க விரலைக் கொண்டுபோனேன், அழிக்கவில்லை. இரண்டு வருடம் திறந்தும் பார்க்கவில்லை.

போன மாதம் பார்த்தேன். இத்தனை நாளும் அவரை மட்டுமே பார்த்திருக்கிறேன். முப்பதாவது விநாடியில் அவர் ஓடிவந்து கட்டிப்பிடிப்பது எங்கள் கிட்மேனை, அணியின் உடுப்புகளைப் பார்த்துக்கொள்பவரை. வயதானவர், கையில் ஈரமான பயிற்சி மேலுடுப்புகளின் மூட்டை, அதைக் கீழே போடாமலே ஒற்றைக் கையால் அவரை அணைத்துக்கொள்கிறார். மேனேஜர் ஆட்டக்காரர்கள் பக்கம் ஓடிவிடுகிறார். கிட்மேன் குனிந்து, கீழே விழுந்துகிடந்த மேனேஜரின் தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறார். அவர் இன்னும் எங்கள் கிளப்பில்தான் வேலை பார்க்கிறார்.